ராடு கட்டும்போது நூலுக்குப் பயப்படாதீர்கள், பசைக்குப் பயப்படுங்கள்

இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் முதல் ராடை, அதாவது மீன் பிடிக்கும் தூண்டில் கம்பை, சொந்தமாகக் கட்ட உட்கார்ந்தேன். ஒன்பது வாரம் இழுத்தது. ஒரு கார்க் கிரிப், தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலை மாட்டும் ரீல் சீட் ஒன்று, இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் எபாக்சிப் பசை இரண்டு ஜோடி, ஏறக்குறைய ஒரு முழு நூல்கண்டு எல்லாம் குப்பைக்குப் போயின. ராடின் உடலான பிளாங்க் மட்டும் மயிரிழையில் தப்பியது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த வேலையில் கஷ்டமாகத் தெரிவது நரம்பு ஓடும் வளையங்களான கைடுகளைக் கம்பில் நூல் சுற்றிக் கட்டுவதுதான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பழைய கம்பு ஒன்றில் நான்கு நாள் நூல் சுற்றிப் பழகினேன். உண்மையில் நூல் பிழைத்தால் அவிழ்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் மறுபடி தொடங்கலாம். ஒட்டிய கைப்பிடியை அப்படி அவிழ்க்க முடியாது. நான்கு நாள் பழகியவன், ஒட்டும் வேலையை ஒரே மாலையில் முடிக்கப் பார்த்தேன். நஷ்டத்தில் முக்கால்வாசி அந்த ஒரு மாலையில் வந்தது.

வாங்கும்போதே தொடங்கும் தவறு அளவில்தான். பிளாங்க் என்பது கைடு, கைப்பிடி எதுவும் இல்லாத வெறும் கம்பு. அதன் மேல் இருக்கும் எழுத்துகளில் பவர் என்பது வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது; ஆக்‌ஷன் என்பது எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பகுதி மட்டும் வளையும், ஸ்லோ என்றால் வளைவு கைப்பிடி வரைக்கும் இறங்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் நிறைய. நான் எடுத்தது 7 அடி, ஒரே துண்டு, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், கம்புக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலுக்கு. முதல் ராடுக்கு இது நல்ல தேர்வுதான். மிக மெல்லிய அல்ட்ரா லைட் பிளாங்க்கில் கைடு பாதம், அதாவது கம்பின் மேல் படிந்து நூல் கட்டப்படும் பகுதி, சிறுத்து, நூல் சுற்றக் கண் வலிக்கும். இரண்டு துண்டு பிளாங்க் என்றால் இணைப்பு வாயில், அதாவது மற்றத் துண்டை உள்ளே வாங்கும் குழாயின் விளிம்பில், கட்டாயம் நூல் கட்டு போட வேண்டும். போடாவிட்டால் வளையும்போது அந்த வாய் நீளவாக்கில் பிளந்துகொள்ளும்.

நுனியில் செருகும் கடைசி வளையமான டிப் டாப்பின் அளவு, அங்குலத்தை 64 பங்காகப் பிரித்த கணக்கில் வரும். 5 என்று போட்டிருந்தால் 64இல் 5 பங்கு, அதாவது ஏறக்குறைய 2 மி.மீ. 4.5 என்றால் சுமார் 1.8 மி.மீ. 0.2 மில்லி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, செருகும்போது தெரியும். பிளாங்க் கைக்கு வந்த பிறகு வெர்னியரால் நுனியை அளந்து, பிறகு டிப் டாப்பை வாங்குவதே சரி. நுனியை அறுத்துச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். நுனியை அறுத்தால் கம்பின் குணமே மாறும், கூர்மையான உணர்வு போய் விறைப்பாகிவிடும். நீளம் குறைக்கவேண்டி வந்தால் அடிப்பக்கம் அறுங்கள், அறுக்கும் இடத்தில் டேப் சுற்றி, மூக்கை மூடிக்கொண்டு. கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அடுத்தது ஸ்பைன். பிளாங்க்கின் அடியை வழவழப்பான தரையில் ஊன்றி, நுனியை ஒரு உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கி, இன்னொரு கையால் நடுவில் அழுத்தினால், கம்பு தானே உருண்டு ஒரு பக்கமாகப் போய் நிற்கும். கம்பைக் கார்பன் இழைத் துணியைச் சுருட்டிச் செய்வதால் ஒரு பக்கத்தில் அடுக்கு சற்று கூடுதலாக விழுவதன் விளைவு அது. இதற்கு நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தேன். கொடுத்திருக்கத் தேவையில்லை. மீன் இழுக்கும்போது கையில் ராடு திருகுவது ஸ்பைனால் அல்ல. கைடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதால். கீழே தொங்கும் ஸ்பின்னிங் கைடுகள் சுமை ஏறினாலும் கீழேயே நிற்கும். மேலே இருக்கும் கைடுகளைத்தான் நரம்பு கீழே திருப்பப் பார்க்கும். ஸ்பைனைவிட முக்கியம், கம்பின் இயல்பான வளைவு. பிளாங்க்கைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் ஒரு கண்ணால் பார்த்து மெல்ல உருட்டுங்கள். எந்த பிளாங்க்கும் முழு நேராக இருக்காது. அந்தச் சின்ன வளைவு மேலோ கீழோ வரட்டும், பக்கவாட்டில் மட்டும் வரவேண்டாம். பக்கவாட்டில் வந்தால், எவ்வளவு நேராகக் கைடு வைத்தாலும் ராடு கோணலாகவே தெரியும். அந்தக் கோட்டை வெள்ளைப் பென்சிலால் அடியிலும் நுனியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கைப்பிடி. பிளாங்க் அடியில் பருத்து நுனியில் சிறுக்கிறது. ஆகவே பின் கிரிப், ரீல் சீட், முன் கிரிப், அதன் முன்னால் வரும் வைண்டிங் செக் என்ற சின்ன வளையம் எல்லாமே நுனி வழியாகத்தான் ஏறி அடிக்கு இறங்கும். இந்த வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்பேன், சிரிக்காதீர்கள். வைண்டிங் செக்கை மறந்துவிட்டுக் கைடு கட்டிவிட்டால், அதை ஏற்ற ஒரே வழி எல்லாக் கைடுகளையும் அவிழ்ப்பதுதான். நான் மூன்று கைடு கட்டிய பிறகுதான் மேஜையின் ஓரத்தில் அந்த வளையம் கிடந்ததைப் பார்த்தேன். அன்றைக்குக் கைவேலையை மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.

கார்க் கிரிப்பின் துளையை பிளாங்க்குக்குத் தக்கபடி ரீமரால் குடைந்து பெரிதாக்க வேண்டும். ரீமர் என்பது கூம்பு வடிவில் சொரசொரப்பாக இருக்கும் அரம்; இல்லாவிட்டால் பழைய ராடுத் துண்டு ஒன்றில் உப்புத்தாளைச் சுருளாகச் சுற்றி ஒட்டி அதையே பயன்படுத்தலாம். நான்கு சுற்று திருகு, ஏற்றிப் பார், இறக்கு, மறுபடி நான்கு சுற்று. இப்படியே போகவேண்டும். கடைசி 3 செ.மீ. இருக்கும்போது ஆளுக்கு அவசரம் வரும். அடியைத் தரையில் வைத்து அழுத்தினால் இறங்கிவிடும் என்று தோன்றும். இறங்கும், கூடவே கார்க்கும் வாய் பிளக்கும். என் கார்க் அப்படித்தான் போனது. பசை இல்லாமலே கை பலத்தில் இலகுவாக வந்து உட்காரவேண்டும், ஆனால் ஆடக்கூடாது, அதுதான் அளவு. ஈவிஏ நுரை கிரிப் இந்த விஷயத்தில் தாராளம், சற்று விரிந்துகொடுக்கும். முதல் ராடுக்கு ஈவிஏ போதும் என்பது என் எண்ணம், அழகு பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பின் கிரிப்பின் நீளத்தை முடிவு செய்ய, ரீலை மாட்டி, பிடிக்கிறபடி பிடித்து, அடி முழங்கையைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். சட்டையில் சிக்கும் நீளம் என்றால் அதிகம்.

ரீல் சீட்டின் உட்துளை பிளாங்க்கைவிடச் சில மில்லி அகலமாகவே இருக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது ஆர்பர். எல்லோரும் மாஸ்கிங் டேப்பைச் சுற்றுகிறார்கள், நானும் சுற்றினேன். சீட்டின் முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாகச் சுற்றினேன், பார்க்க ஒழுங்காக இருந்தது. அதுதான் பிழை. அப்படிச் சுற்றினால் பசை பிளாங்க்கைத் தொடவே தொடாது. சீட் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஊறினால் காகிதம் நைந்து, ஒரு நாள் சீட் கையோடு சுழலும். டேப்தான் போடவேண்டும் என்றால் மூன்று தனித்தனி வளையங்களாக, நடுவில் 6 மி.மீ. இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். அந்த இடைவெளிகளைப் பசை நிறைத்து, பிளாங்க்கிலிருந்து சீட் வரை பாலம்போல் நிற்கவேண்டும். சுவர் விரிசலுக்கு ஒட்டும் கண்ணாடி இழை வலை டேப் இன்னும் நல்லது, பசை அதன் கண்களுக்குள் புகுந்துகொள்ளும். எல்லாவற்றையும்விட நல்லது துளையிட்ட நுரை ஆர்பர். அதற்கு ஆகும் கூடுதல் செலவு, பிய்த்து எடுத்த ரீல் சீட்டின் விலையில் ஒரு பங்குகூட இல்லை.

பசைக்கு வருவோம். ஐந்து நிமிஷத்தில் இறுகும் எபாக்சியை எடுத்தேன். சீக்கிரம் முடியுமே என்ற ஆசை, வேறொன்றுமில்லை. பின் கிரிப் உட்கார்ந்தது. சீட்டை இறக்கித் திருப்பிக் குறிக்கு நேராக்குவதற்குள் பசை பிடித்துவிட்டது. சுமார் பத்து டிகிரி கோணல். ரீலை மாட்டிப் பார்த்தால் அது ஒரு பக்கமாகத் தலை சாய்த்து நின்றது. சூடு காட்டி இளக்கலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, செய்யவில்லை: கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் எபாக்சி இனம்தான்; பசை இளகும் சூட்டில் பிளாங்க்கும் கெடும். சீட்டை நீளவாக்கில் அரத்தால் பாதி ஆழத்துக்கு ராவி, குறட்டால் உடைத்து, கார்க்கைச் செதுக்கி, மிச்சப் பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க மூன்று மாலை ஆனது. ஒரு இடத்தில் அரம் வழுக்கி பிளாங்க்கில் பட்டது. புதிய கிரிப்புக்கு அடியில் மறையும் இடம் அது, வளைவு வராத பகுதி, அதனால் பிழைத்தது. வளையும் பகுதியில் அந்தக் கீறல் விழுந்திருந்தால் அங்கேயே ஒருநாள் ஒடியும்.

ஆகவே மெதுவாக இறுகும், கெட்டியான பேஸ்ட் வகை எபாக்சி. முக்கால் மணி நேரமாவது கையில் அவகாசம் தரும். முழுதாக இறுக 24 மணி நேரம் விடவேண்டும். கிரிப் மறைக்கும் இடத்தில் மட்டும் பிளாங்க்கின் பளபளப்பை நைஸ் உப்புத்தாளால் லேசாக மங்கவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சீட்டின் மரையில் டேப் சுற்றி மூடிவிடுங்கள். மரைக்குள் பசை போனால் சீட்டின் கதை முடிந்தது. பசையை பிளாங்க்கிலும் தடவவேண்டும், கிரிப்பின் துளைக்குள்ளும் தடவவேண்டும். வழிந்ததை ஆல்கஹால் நனைத்த துணியால் உடனே துடைத்து, ரீலை மாட்டி, நுனிக் குறியோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, அரை மணி கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். கெட்டிப் பசைக்குள்ளும் சீட் மெல்லத் திரும்புவது உண்டு.

டிப் டாப்புக்கு மட்டும் எபாக்சி வேண்டாம். அது அடிக்கடி மாற்றவேண்டிய உறுப்பு. சூட்டில் உருகும் ஹாட் மெல்ட் கட்டி போதும். பசைக் கட்டியை உருக்கி நுனியில் தடவி, டிப் டாப்பின் குழாயைச் சூடாக்கிச் செருகவேண்டும். நெருப்பை பிளாங்க்கின் நுனியில் காட்டக்கூடாது.

கைடு எத்தனை? அடிக்கு ஒன்று, மேலே ஒன்று என்று ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. 7 அடிக்கு, நுனியைச் சேர்க்காமல், எட்டு. இடைவெளி நுனிப் பக்கம் நெருக்கமாகவும் அடிப்பக்கம் போகப்போக அகலமாகவும் வளரும். நுனியிலிருந்து முதல் கைடு 10 செ.மீ. அளவில் வரும். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுருள் சுருளாக வெளியேறும். அதை அடக்கத்தான் ரீலுக்கு அருகில் இருக்கும் கைடு பெரிதாக, உயரமாக இருக்கிறது. ஃபூஜி நிறுவனத்தின் நியூ கைடு கான்செப்ட் என்ற முறையின் சாரம் இது: ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் நடு அச்சை நேர்கோடாக முன்னால் நீட்டினால் அது எந்த இடத்தில் பிளாங்க்கைத் தொடுகிறதோ அங்கே நரம்பின் சுருளை அடக்கி முடிக்கும் சோக் கைடு வரும், ரீலுக்கும் அதற்கும் நடுவில் வளையங்கள் படிப்படியாகச் சிறுத்து இறங்கும், அதற்கு அப்பால் நுனி வரை ஒரே அளவிலான சின்னக் கைடுகள்.

ஆனால் அட்டவணை எதுவானாலும் அது ஆரம்பப் புள்ளிதான். கைடுகளை ரப்பர் வளையத்தால் தற்காலிகமாக மாட்டி, நரம்பைக் கோத்து, கைப்பிடியைச் சுமார் 45 டிகிரியில் கட்டிவைத்து, நரம்பின் முனையில் ஒரு வாளியைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். நரம்பு கம்பின் வளைவோடு ஒட்டிப் போகவேண்டும். எங்காவது இரண்டு கைடுக்கு நடுவில் நரம்பு வளைவை விட்டு வெகுவாக விலகி நாண்போல் நின்றால், அல்லது ஒரே கைடில் மட்டும் கூர்மையாக முறிந்து திரும்பினால், அந்த இடத்துக்குச் சுமை அதிகம். கைடை ஒன்றிரண்டு செ.மீ. நகர்த்திப் பாருங்கள், தீராவிட்டால் ஒன்று கூட்டுங்கள். கைடு மேலே வரும் பெயிட்காஸ்டிங் ராடில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும், நடுவில் நரம்பு பிளாங்க்கைத் தொடக்கூடாது. இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒன்பது வாரத்தில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் தந்த ஒரு மணி நேரம் அதுதான்.

நூல் கட்டும் முன் கைடின் பாதத்தைப் பாருங்கள். புதிய கைடின் பாத முனை பெரும்பாலும் மொட்டையாக, படிபோல இருக்கும். அப்படியே விட்டால் நூல் பிளாங்க்கிலிருந்து பாதத்தின் மேல் ஏறும் இடத்தில் சறுக்கும், இடைவெளி விழும். அரத்தால் முனையைச் சாய்வாக, கத்தி முனை அளவுக்கு மெலிய ராவி, அடிப்பக்கத்துப் பிசிறையும் எடுத்துவிடவேண்டும். அந்தப் பிசிறுதான் வளையும்போது பிளாங்க்கைக் கீறுவது.

இழுவைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நூல்கண்டைக் கோப்பைக்குள் போட்டு, நூலைத் தடிமனான புத்தகத்தின் பக்கங்களுக்குள் விட்டு இழுத்தால் போதும். மேலே இன்னொரு புத்தகம் வைத்தால் இழுவை கூடும். அட்டைப் பெட்டியின் இரு விளிம்பில் வி வடிவில் வெட்டி, அதில் ராடைப் படுக்கவைத்து இரு கையாலும் உருட்டுங்கள். பாத முனைக்கு 4 மி.மீ. முன்பே தொடங்கி, நூலின் தலையை அதன் மேலேயே ஐந்தாறு சுற்று ஏற்றிப் பூட்டி, தலையை வெட்டிவிட்டு, வளையத்தை நோக்கி ஏறவேண்டும். ஏ அளவு நைலான் நூல் ஏறக்குறைய 0.15 மி.மீ. தடிமன், 2 செ.மீ. கட்டுக்கு நூற்று முப்பது சுற்று ஆகும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் தோளில் சாய்ந்து விழவேண்டும், நூலை ஒரு நூலிழை பின்னால் சாய்த்துப் பிடித்தால் அது தானே நடக்கும். முடிய எட்டுச் சுற்று இருக்கும்போது, இரண்டாக மடித்த தனி நூல் ஒன்றைக் காதுபோலக் கட்டின் மேல் படுக்கவைத்து, அதன் மேலேயே எட்டுச் சுற்றையும் முடித்து, நூலை வெட்டி, முனையைக் காதில் கோத்து, காதைப் பின்னால் இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். ஒற்றைப் பாதக் கைடு என்றால் வளையத்தின் காலுக்கு முன்னால் இரண்டு மூன்று சுற்று போட்டுப் பூட்டினால்தான் முன்னே நழுவாது.

இழுவை எவ்வளவு என்பதற்கு ஒரே சோதனை: கட்டி முடித்த பிறகும் கைடைக் கட்டைவிரலால் தள்ளினால் அரை மில்லி நகரவேண்டும். நேராக்க அந்த அசைவு வேண்டும். பிடிமானத்தைத் தரப்போவது எபாக்சிதான். முறுக்கிக் கட்டினால் பலம் என்று நினைத்துக் கட்டுபவர்கள், பாதத்தின் விளிம்பை பிளாங்க்குக்குள் அழுத்திவிட்டு, பிறகு மீனைக் குறை சொல்கிறார்கள். நூலை அவிழ்க்கவேண்டி வந்தால் பிளேடை எப்போதும் கைடு பாதத்தின் உலோகத்தின் மேலேதான் ஓட்டவேண்டும், பிளாங்க் பக்கம் ஒருபோதும் கூடாது. நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: சாதாரண நைலான் நூல் எபாக்சி பட்டதும் கருத்துக் கண்ணாடிபோல ஆகிவிடும், அடியிலிருக்கும் பாதம் தெரியும். நிறம் அப்படியே நிற்கவேண்டும் என்றால் என்சிபி என்று குறித்த நூலை வாங்குங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய ஆரஞ்சு, பழைய செங்கல் நிறமாகிவிட்டது.

கடைசியாக மேல்பூச்சு. ஒன்றுக்கு ஒன்று, கொள்ளளவில். கண்ணளவு வேலைக்காகாது, இரண்டு பாகத்துக்கும் தனித்தனி சிரிஞ்சு. ரப்பர் தலையுள்ள மருத்துவச் சிரிஞ்சுகளில் வழுக்குவதற்காகச் சிலிகான் தடவியிருப்பார்கள்; அது துளி கலந்தாலும் பூச்சு சில இடங்களில் ஒட்டாமல் மீன்கண்போலக் குழி விழும். சிலிகான் இல்லாதது என்று கேட்டு வாங்கவேண்டும். எட்டுக் கைடுக்கு 3 மி.லி.யும் 3 மி.லி.யும் தாராளம். நான்கு நிமிஷம், ஓரத்தையும் அடியையும் வழித்து, மெதுவாகக் கலக்குங்கள். அவசரமாக அடித்துக் கலக்கினால் குமிழி ஏறும். கலந்ததும் அலுமினியத் தாளில் பரப்பிவிடுங்கள்; கோப்பையில் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும்.

தூரிகையில் தொட்டு முதலில் பாதத்தின் இரு பக்கமும் இருக்கும் சுரங்கத்தின் வாயில் ஒரு துளி வையுங்கள். நூலுக்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த முக்கோண இடுக்கில் எபாக்சி தானாக ஊறிப் போகும். மறுமுனையில் சின்னச் சின்னக் குமிழிகளாகக் காற்று வெளியேறுவதைப் பார்க்கலாம். அது நின்ற பிறகு மேலே மெல்லிய பூச்சு, நூலின் விளிம்பைத் தாண்டி 1 மி.மீ. பிளாங்க்கின் மேலும். முதல் பூச்சிலேயே கண்ணாடிபோலப் பளபளக்கவேண்டும் என்று நான் அள்ளிப் பூசினேன். நடுவில் பருத்து இரு முனையும் சிறுத்து, ரக்பி பந்துபோல ஆனது. மெல்லியதாக இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி. குமிழி மிஞ்சினால் ஆல்கஹால் விளக்கின் சூட்டை ஒரு விநாடி அருகே கொண்டுபோய் எடுத்தால் எபாக்சி இளகிக் குமிழி உடையும், சுடர் படக்கூடாது. பிறகு நிமிஷத்துக்குப் பத்துச் சுற்று அளவில் சுழலும் மோட்டார். மோட்டார் இல்லாத நான் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று என்று மூன்று மணி நேரம் கையால் திருப்பினேன். ஒரு போன் அழைப்பை எடுத்து வருவதற்குள் இரண்டு கைடில் எபாக்சி அடியில் தொங்கிக்கொண்டது.

மறுநாள் தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் விகிதம் தவறியது அல்லது கலக்கல் போதவில்லை. என் முதல் ஜோடி எபாக்சி அப்படித்தான் போனது. பயத்தில் எல்லாக் கட்டையும் பிய்த்தேன். பிய்த்திருக்க வேண்டாம். சரியாக அளந்து கலந்த இன்னொரு பூச்சை அதன் மேலேயே கொடுத்தால் பெரும்பாலும் இறுகிவிடும். ஈரம் கனத்த நாளில் பூசாதீர்கள், மேல்பரப்பு மங்கலாகிப் பிசுக்குப் பிடிக்கும். 21 முதல் 27 டிகிரி சூடு வசதி.

தொட்டால் கெட்டியாக இருக்கிறதே என்று மறுநாளே ராடை வளைத்துப் பார்க்கக் கை பரபரக்கும். ஒரு வாரம் படுக்கையாகவே விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சுக் குச்சியைச் சுற்றி எடுங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அந்த பீங்கான் வளையத்தில் வெடிப்பு இருக்கிறது, முதல் நரம்பைக் கோப்பதற்கு முன்பே அந்தக் கைடை மாற்றிவிடலாம்.